சான்றோடு எழுதுதல்: தோட்ட வரலாற்று நூல்களும் மேற்கோள் முறையும்

மலேசியத் தமிழ்ச் சூழலில் ஒரு நூல் வெளிவருவது பெரும்பாலும் அதன் ஆசிரியரின் தனி முயற்சியாலேயே ஆகும். எழுதுபவரும் அவரே, அச்சகத்துக்குப் பணம் செலுத்துபவரும் அவரே, வெளியீட்டு விழா அழைப்பிதழை வீடு வீடாகக் கொண்டுசெல்பவரும் அவரே. கதை, கவிதை நூல்களுக்கு இந்நிலையால் பெருங்கேடு எதுவும் நேர்வதில்லை. ஆனால் ஊர் வரலாறு, வாழ்க்கை வரலாறு, பள்ளி நூற்றாண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், தோட்ட நினைவுக் குறிப்பு முதலிய உண்மை கூறும் நூல்களின் நிலை வேறு. ‘இச்செய்தி உமக்கு எங்கிருந்து கிடைத்தது?’ என்று இடையில் நின்று வினவும் பதிப்பாசிரியர் ஒருவர் அங்கு இல்லை. ஆதலின் அவ்வினாவை எழுதுபவர் தாமே தம்மிடம் எழுப்பிக்கொள்ள வேண்டியுள்ளது. அதனை எவ்வாறு எழுப்புவது, கிடைத்த விடையை நூலில் எவ்வாறு பதிவது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுகள் பல சுங்கை சிப்புட் வட்டாரத்தைச் சார்ந்தவை. ஆயினும் இங்குக் கூறப்படும் முறை எவ்வூருக்கும் பொருந்தும்.

1. சான்று காட்டல் நம் மரபே

அடிக்குறிப்பு, நூலடைவு என்பன மேலைநாட்டார் வழக்கம் என்றும், நமக்கு அவை புறம்பானவை என்றும் கருதுவோர் உளர். இக்கருத்துப் பொருந்தாது. தொல்காப்பியர் தம் விதிகளைக் கூறும்போது ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார் புலவர்’ என்னும் தொடர்களைப் பலவிடங்களில் ஆளுகின்றார். தாம் கூறுவது தமக்கு முன்னிருந்த புலவர்தம் கொள்கை என்பதை அவை உணர்த்துகின்றன. பவணந்தியார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என வகுத்ததும், ஒரு நூல் எதனை அடியொற்றி எழுந்தது என்னும் கேள்வியை முதன்மையாகக் கொண்டமையாலேயே ஆகும். அவர் கூறும் எழுவகை மதங்களுள் பிறர் கருத்தை உடன்படலும், மறுத்தலும், இருவர் மாறுபட்டுக் கூறியவற்றுள் ஒன்றைத் துணிதலும் அடங்கும். பிறர் கருத்து இன்னது என்று முதலில் எடுத்துக்காட்டாமல் அதனை உடன்படவோ மறுக்கவோ இயலாதன்றோ?

இம்மரபில் குறையும் உண்டு. உரையாசிரியர்கள் பாடல்களை மேற்கோளாகக் காட்டும்போது நூற்பெயரைப் பலவிடங்களில் சுட்டாமல் விட்டனர். அக்காலத்து மாணாக்கர்க்கு அப்பாடல்கள் மனப்பாடமாக இருந்தமையால் அது போதுமானதாக இருந்தது. அந்நூல்கள் வழக்கொழிந்த பின்னரோ, மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தவை என்று அறிய இயலாமற் போயிற்று. சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் 1887இல் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், அவ்வுரையிலுள்ள மேற்கோள்களின் இடங்களைக் கண்டறியப் பெரிதும் உழைத்தார். தம் பதிப்புகளின் முன்னுரைகளில் எந்தெந்த ஏட்டுப்பிரதி யாரிடமிருந்து கிடைத்தது என்று பெயர் சுட்டி எழுதியும் வைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் சொற்பொருள்களுக்கு ஆட்சி காட்டி, நூற்பெயரைச் சுருக்கக் குறியீட்டால் தந்தது. எனவே, சான்று காட்டும் முறை நம்மவர் கையில் வளர்ந்து செம்மையுற்ற ஒன்றே ஆகும்.

2. ‘ஆம்’ என்னும் ஈறு

மொழியியல் நோக்கில் இதற்கு மேலும் ஓர் அடிப்படை உண்டு. ‘வந்தார்’ என்பதற்கும் ‘வந்தாராம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு சிறு குழந்தைக்கும் தெரியும். முன்னது பேசுபவர் தாம் பொறுப்பேற்றுக் கூறுவது; பின்னது பிறரிடம் கேட்டுக் கூறுவது. ஒரு செய்தி எவ்வழியாகக் கிடைத்தது என்பதை இலக்கணக் கூறு ஒன்றால் உணர்த்தும் இவ்வியல்பு உலகின் வேறு பல மொழிகளிலும் உண்டு. துருக்கி மொழி இதற்கென ஒரு வினையீறு வைத்துள்ளது. அமேசான் பகுதியில் வழங்கும் தரியானா மொழியில், பேசுபவர் தாம் கண்டதா, கேட்டதா, ஊகித்ததா என்பதை வினையில் சுட்டாமல் பேசுதல் இயலாது. தமிழில் இது கட்டாயமன்று. பேசுபவரின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. ஆகவே பொறுப்பும் அவரையே சார்கின்றது.

தோட்ட வரலாறு எழுதுவோர் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். நம் பெரியோர் பழங்கதை கூறுகையில் இவ்வீற்றை மிக ஒழுங்காக ஆளுகின்றனர். ‘அந்தத் துரை ரொம்பப் பொல்லாதவராம், பால் குறைஞ்சா அரைநாள் கூலிதான் போடுவாராம், அப்பா சொல்லுவாரு’ என்று ஒரு மூதாட்டி கூறுவதாகக் கொள்வோம். தாம் நேரிற் கண்டதன்று, தந்தை வழியாகக் கேட்டது என்பதை அவர் தெளிவாகவே கூறிவிட்டார். இதனை எழுத்து நடைக்கு மாற்றும் நூலாசிரியர், ‘அத்துரை கொடியவர்; பால் குறைந்த நாள்களில் தொழிலாளர்க்கு அரைநாள் கூலியே வழங்கினார்’ என எழுதுகின்றார். நடை செம்மையாயிற்று, ‘ஆம்’ உதிர்ந்தது, அதனோடு தந்தையும் மறைந்தார். கேள்விச் செய்தி கண்ணாற் கண்ட உண்மையாக அச்சேறிவிட்டது. மூதாட்டி காத்த நேர்மையை நூல் காக்கவில்லை. அடிக்குறிப்பு என்பது எழுத்து நடையில் நாம் இழந்த அவ்வீற்றை மீட்டுத்தரும் கருவியே என்று கொண்டால், அதன் தேவை எளிதில் விளங்கும்.

3. ஒரு நிகழ்ச்சி, பல கூற்றுகள்

சுங்கை சிப்புட்டின் பெயரை உலக நாளேடுகள் அறிந்தது 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் நிகழ்ந்த கொலைகளால் ஆகும். எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர் என்பவரும், பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்பவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மூவரும் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள். இதனைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது.

அவசரகாலம் எந்நாளில் அறிவிக்கப்பட்டது என்று மாணவர் ஒருவர் நூல்களைப் புரட்டினால், ஜூன் 16 என்று ஒன்றிலும், 18 என்று மற்றொன்றிலும் காண்பார். இரண்டையும் தவறு என்று தள்ளிவிட இயலாது. முதலில் பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளுக்கே அவ்வறிவிப்புப் பொருந்தியது. பின்னரே கூட்டரசு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. முதல் அறிவிப்பைக் கருதியவர் ஒரு நாளையும், விரிவாக்கத்தைக் கருதியவர் மற்றொரு நாளையும் எழுதினர். சான்று சுட்டப்பட்டிருந்தால் படிப்பவர் மூலத்துக்குச் சென்று முரணைத் தீர்த்துக்கொள்வார். சுட்டப்படாவிடின், எது பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டதோ அதனையே நம்புவார்.

இதே நிகழ்ச்சி குறித்துச் சான்றுகளின் தன்மையும் வேறுபடுகின்றது. அரசாங்க அறிக்கை ஆட்சியாளர் நோக்கில் எழுதப்பட்டது. அக்கால ஆங்கில நாளேடு தோட்ட உரிமையாளர்தம் அச்சத்தைப் பெரிதும் எதிரொலித்தது. மலாயாப் பொதுவுடைமைக் கட்சியின் தலைவராயிருந்த சின் பெங், 2003இல் வெளிவந்த தம் நினைவுநூலில் தம் தரப்பைக் கூறினார். அந்நூலின் பெயரே ‘வரலாற்றில் என் பக்கம்’ என்னும் பொருளுடையது. ஒவ்வொன்றும் ஒரு பக்கத்திலிருந்து பேசுகின்றது. ஆகவே, ‘வரலாறு கூறுகிறது’ என்று எழுதுதல் பொருளற்றது. எந்த அறிக்கை, எந்த ஏடு, யாருடைய நினைவுநூல் என்று பெயர் சொல்லி எழுதுதலே முறை.

இம்மூவகைச் சான்றுகளிலும் அரிதாகவே ஒலிக்கும் குரல் ஒன்றுண்டு. அன்று காலைப் பெரட்டுக்கு வந்து, வாளியும் கத்தியுமாக நிரைக்குச் சென்ற பால்வெட்டுத் தொழிலாளியின் குரல் அது. அவர் கண்டது என்ன, அடுத்த நாள் லயத்தில் பேசிக்கொண்டது என்ன என்பவற்றைத் தேடித் தொகுக்கக்கூடியவர், சொந்தச் செலவில் நூல் வெளியிடும் நம் உள்ளூர் ஆசிரியரே. அவர் பெயரும் நாளும் சுட்டாமல் எழுதினால், பிற ஆய்வாளர் அதனைச் சான்றாக ஏற்கத் தயங்குவர். அரிதிற் கிடைத்த அக்குரல் மறுபடியும் கேளாமற் போகும்.

4. இடப்பெயரில் கவனம்

சுங்கை என்பது ஆறு. சிப்புட் என்பது நத்தை. மலாய்ச் சொற்களாலான இப்பெயர் ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று. நாம் பேசும் நகரின் முழுப்பெயர் வடக்கைக் குறிக்கும் ‘உத்தாரா’ என்னும் சொல்லுடன் முடிகின்றது. தெற்கைக் குறிக்கும் ‘செலாத்தான்’ சேர்ந்த சுங்கை சிப்புட் ஒன்றும் பேராக்கிலேயே உண்டு. பழைய கோப்பு ஒன்றில் ‘சுங்கை சிப்புட்’ என்று மட்டும் காணப்பட்டால், எது என்று உறுதிசெய்த பின்னரே அதனைப் பயன்படுத்தல் வேண்டும்.

தோட்டப் பெயர்களில் சிக்கல் மிகுதி. நிறுவனப் பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயரும், தொழிலாளர் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரும் வழங்கின. கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும் பெயர்கள் மாறின. ரப்பர் அழிந்து செம்பனை வந்த இடங்களிலும், வீடமைப்புப் பகுதிகளாக மாறிய இடங்களிலும் பழம்பெயரை அறிந்தோர் குறைந்து வருகின்றனர். ஆதலால், முதன்முறை குறிப்பிடும்போது பதிவுப் பெயர், வழக்குப் பெயர், இன்றைய பெயர் ஆகிய மூன்றையும் தருதல் நலம். சான்றில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளதோ அவ்வாறே மேற்கோளில் காட்டுக. திருத்தம் வேண்டின் தனியே குறிப்பிடுக.

5. எதற்குச் சான்று வேண்டும்?

எல்லாத் தொடருக்கும் அடிக்குறிப்பு இட வேண்டுவதில்லை. மலேசியா ரப்பர் விளைவித்த நாடு என்பதற்குச் சான்று தேவையில்லை. கீழ்க்காண்பனவற்றுக்குத் தேவை.

முதலாவது, எண்ணும் நாளும். சயாம் மரண ரயில் பாதை 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். இவற்றில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அங்கு இறந்த தமிழர் எத்தனை பேர் என்பதில் நூலுக்கு நூல் தொகை வேறுபடுகின்றது. ஒரு தொகையை எழுதுவோர் அது யாருடைய கணக்கு என்பதையும் எழுதியே ஆகவேண்டும். இறந்தோர்க்குச் செய்யும் மதிப்பும் அதுவே. ஊதிப் பெருக்கிய தொகை ஒன்று பொய்யென்று காட்டப்படுமாயின், உண்மைத் துயரமும் ஐயத்துக்கு உள்ளாகும். இப்பொருளில் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ பலரும் அறிந்தது. அது நாவல். அக்காலத்தை உணர்ந்துகொள்ள அது துணைசெய்யும்; அதிலுள்ள உரையாடலை நடந்த நிகழ்ச்சிக்குச் சான்றாகக் காட்டுதல் முறையன்று.

இரண்டாவது, ‘முதல்’ என்னும் சொல். முதல் பள்ளி, முதல் கோயில், முதல் தமிழாசிரியர் என்று எழுதும் ஆர்வம் மலர்களில் மிகுதி. சிங்கப்பூர், மலேசியத் தமிழ் இலக்கியத்தின் தொடக்கத்தை நெடுங்காலம் 1887ஆம் ஆண்டில் சதாசிவ பண்டிதர் வெளியிட்ட செய்யுள் நூல்களிலிருந்தே கணக்கிட்டு வந்தனர். பின்னர், 1872இல் சிங்கப்பூரில் அச்சான ‘முனாஜாத்துத் திரட்டு’ அறியவந்தது. முன்னவர்கள் தாம் கண்ட நூலின் பெயரையும் ஆண்டையும் தெளிவாகச் சுட்டியிருந்தமையால், திருத்தம் எளிதாயிற்று. ‘இதுவரை கிடைத்தவற்றுள் முதலாவது’ என்று எழுதுவதால் பெருமை குன்றாது.

மூன்றாவது, பிறர் கூறிய சொல்லும் பிறர் கண்ட விளக்கமும். மலாயாவுக்கு இந்தியர் குடிபெயர்ந்தமை பற்றிக் கேர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட ஆய்வுநூல் இன்றும் அடிப்படை நூல்களுள் ஒன்று. அதில் அவர் திரட்டிய பட்டியல்களைத் தமிழாக்கித் தம் நூலில் சேர்ப்பவர், சொற்கள் தம்முடையவை என்பதனால் உழைப்பும் தம்முடையது என்று எண்ணலாகாது. மொழிபெயர்த்தாலும் கடன் கடனே.

நான்காவது, நிழற்படம். யாரிடமிருந்து கிடைத்தது, எடுத்த ஆண்டு, இடம், படத்தில் இருப்போர் என்பன தெரிந்த அளவுக்குத் தரப்பட வேண்டும்.

6. எவ்வாறு குறிப்பது?

நூலாயின் ஆசிரியர், நூற்பெயர், வெளியிட்டோர், ஊர், ஆண்டு, பக்கம். நாளிதழாயின் இதழின் பெயர், நாள், பக்கம். ஆவணக் காப்பகக் கோப்பாயின் காப்பகத்தின் பெயர், கோப்பு எண், கோப்பிலுள்ள தாளின் நாள். தோட்ட அலுவலகத்துச் செக்ரோல் புத்தகமோ பள்ளிச் சேர்க்கைப் பதிவேடோ ஆயின், அது இப்போது யார் பொறுப்பில் உள்ளது, தாங்கள் என்று பார்த்தீர்கள் என்பவற்றையும் சேர்த்துக்கொள்க. வாய்மொழியாயின் கூறியவர் பெயர், பிறந்த ஆண்டு, தோட்டத்தில் அவர் செய்த தொழில், நேர்காணல் நிகழ்ந்த இடமும் நாளும், பதிவுசெய்தவர் பெயர் ஆகியவை வேண்டும். அவர் நேரில் கண்டதா, கேட்டதா என்பதையும் ஒரு சொல்லால் குறிக்க. இங்குதான் ‘ஆம்’ தன் இடத்தைப் பெறுகின்றது.

மூலத்தைத் தாமே பாராமல், வேறொருவர் நூலிற் கண்ட மேற்கோளை எடுத்தாள்வோர், ‘இன்னார் நூலில் காட்டப்பட்டவாறு’ என்று எழுதுதல் வேண்டும். இதனைச் செய்யாமையால் நேரும் மயக்கம் பெரிது. ஒரு மலரில் சான்றின்றி எழுதப்பட்ட ஆண்டினை அடுத்த மலர் எடுத்தாளும். இரண்டையும் பார்த்து மூன்றாவது நூல் எழுதும். பின்வருவோர் மூன்று சான்றுகள் ஒத்துள்ளன என மகிழ்வர். உண்மையில் இருப்பது ஒன்றே, அதுவும் சான்றற்றது.

எடுத்துக்காட்டாக, துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் நிறுவிய மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளியை 1954இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்தார் என்பது ஊரறிந்த செய்தி. அப்பள்ளியின் வரலாற்றை எழுதும் மாணவர், ஊரறிந்தது என்று நின்றுவிடாமல், திறப்புவிழாக் கல்வெட்டு, அக்கால நாளேடு, விழாவுக்குச் சென்ற பெரியவரின் நினைவு என ஒன்றையொன்று சாராத மூவகைச் சான்றுகளைத் தேடலாம். அவை ஒத்துப்போனால்தான் மூன்று சான்றுகள் என்று கூறும் உரிமை உண்டு.

குறிப்புகளைப் பக்கத்தின் அடியில் இடுவதா, இயலின் இறுதியில் இடுவதா என்பது வசதியைப் பொறுத்தது. நூல் முழுவதும் ஒரே முறையைப் பின்பற்றுக. நூலின் முன்பகுதியில் எழுதப்படும் நன்றியுரை இதற்கு ஈடாகாது. ‘செய்தி தந்து உதவிய அனைவர்க்கும் நன்றி’ என்னும் தொடர், எந்தச் செய்தியை எவர் தந்தார் என்பதைக் கூறுவதில்லை.

7. உரிமையும் இசைவும்

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, இலக்கியப் படைப்பின் உரிமை ஆசிரியர் வாழ்நாளுக்குப் பின்னும் 50 ஆண்டுகள் நீடிக்கும். ஆய்வு, திறனாய்வு முதலியவற்றுக்காக நேர்மையான அளவில் எடுத்தாளலாம். அங்கும் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் சுட்டப்பட வேண்டும். ஆனால் பெயரைச் சுட்டிவிட்டால் ஓர் இயல் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது பிழையான எண்ணம். சான்று காட்டல் வேறு. இசைவு பெறல் வேறு.

வாய்மொழி தந்தோரிடமும் இசைவு வேண்டும். தம் பெயர் அச்சில் வருவதை ஒருவர் விரும்பாமல் இருக்கலாம். அந்நிலையில் பெயரை விடுத்து, பிறந்த ஆண்டையும் தொழிலையும் மட்டும் தரலாம்; பெயர் மறைக்கப்பட்டுள்ளது என்பதையும் வெளிப்படையாகக் கூறலாம். புனைபெயர் இட்டு உண்மைப் பெயர்போலக் காட்டுதல் கூடாது.

நூல் அச்சானதும் பணி முடிவதில்லை. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், நாட்டில் வெளியாகும் அச்சு நூலின் ஐந்து படிகளை ஒரு மாதத்துக்குள் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வெளியிடுவோரைக் கடமைப்படுத்துகின்றது. சொந்தமாக நூல் வெளியிடுபவரும் வெளியிடுவோரே. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. நூறாண்டை எட்டவிருந்த நாளேடே நின்றுபோகுமாயின், 300 படி அச்சிட்ட மலர் எத்தனை நாள் வீட்டு அலமாரியில் தங்கும்? நேர்காணல் ஒலிப்பதிவுகளுக்கும் இதுவே பொருந்தும். அவற்றின் படியொன்றைப் பள்ளி நூலகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ வைத்து, எங்குள்ளது என்பதை நூலில் குறிப்பிடுக.

8. வகுப்பறையில் ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் இதனை ஒரே பாடவேளையில் பயிற்றலாம். பழைய மலர் ஒன்றிலிருந்து ஒரு பக்கத்தைப் படியெடுத்து மாணவர்க்கு வழங்குக. ஒவ்வொரு தொடரின் அருகிலும், எழுதியவர் அதனைக் கண்டாரா, படித்தாரா, கேட்டாரா, ஊகித்தாரா என்று குறிக்கச் சொல்க. எதுவென்று தெரியாத தொடருக்கு வினாக்குறி இடுக. பக்கத்தில் வினாக்குறிகளே மிகுந்திருப்பதை மாணவர் தாமே காண்பர். அடுத்து, தம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசி, கேட்டதை ஒரு பத்தியாக எழுதி வரச் சொல்க. அதில் ஒவ்வொரு செய்திக்கும் மூலம் சுட்டப்பட்டிருத்தல் வேண்டும். பெரியவர் ‘ஆம்’ என்று முடித்த இடங்களை மாணவர் ‘ஆம்’ என்றே விட்டுவைத்தனரா என்பதை முதலில் நோக்குக. எழுத்துப்பிழையைப் பின்னர்த் திருத்தலாம்.

இப்பயிற்சிக்குக் காலம் குறுகியது. தோட்டத்துச் செக்ரோலில் தொழிலாளியின் பெயருக்கு அருகில் இருந்தது அவர் வேலைசெய்த நாளும் பெற்ற கூலியுமே. அவர் என்ன எண்ணினார், எதற்கு அஞ்சினார், பிள்ளையை எவ்வாறு பள்ளிக்கு அனுப்பினார் என்பதற்கு அப்புத்தகத்தில் இடமில்லை. அவற்றை அறிந்தோர் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் கூறியதை அவர்கள் பெயராலேயே எழுதிவைக்கும்போது, ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் பெயர் ஓர் ஆளுநர் அறிக்கையின் பெயரோடு ஒரே அடிக்குறிப்பில், ஒரே அளவு எழுத்தில் அமைகின்றது. நூலாசிரியர் அந்த ஒரு வரியை எழுதத் தவறினால், அப்பெயரை அங்கு எழுதுவதற்கு வேறு எவரும் இரார்.